கரப்பானில் அடிக்கடி சீழ் வைத்தால் களிம்பை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. கைக்குழந்தையாக இருக்கும்போதே கன்னத்தில் கரப்பான் வந்தது. இப்போது முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கழுத்திலும் இருக்கிறது. ஒரு வருடமாக அடிக்கடி நீர் வடிந்து சீழ் வைக்கிறது. ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் அடங்குகிறது, சில வாரத்தில் திரும்ப வருகிறது. கல்ச்சர் எடுத்ததில் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி என்று வந்தது. ஸ்டீராய்டு களிம்புதான் கிருமியைக் கொண்டு வருகிறது என்று மாமியார் சொல்கிறார். அதனால் சீழ் வைத்தால் களிம்பை உடனே நிறுத்திவிடுவேன். டெட்டால் கலந்த தண்ணீரில் குளிப்பாட்டுகிறேன். இப்போது டாக்டர் ஊசி அல்லது மாத்திரை பற்றி யோசிக்கலாம் என்கிறார். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து என்றால் கிருமி இன்னும் அதிகமாகத்தானே வரும்? பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், திருச்சி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

களிம்பை நிறுத்தும் விஷயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைக்கே மாற்றக்கூடியது அதுதான். கரப்பானில் சாதாரணமாகச் சீழ் வைக்கும்போது, டாக்டர் எழுதித் தந்த ஸ்டீராய்டு களிம்பை நிறுத்த வேண்டாம். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் பாதியில் நிறுத்துவதால்தான் உங்கள் பையனுக்கு அடுத்த சீழ் இவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று நினைக்கிறேன்.

ஏன் என்று புரிந்தால் பயம் குறையும். கரப்பான் (எக்சிமா) உள்ள குழந்தையின் தோல் வரப்பு உடைந்த வயல் மாதிரி. உள்ளே இருக்கும் ஈரம் நிற்காது, வெளியே இருப்பது தடையில்லாமல் உள்ளே வரும். தோலின் மேலடுக்கை இறுக்கமாக வைத்திருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம் இவர்களில் பலருக்குக் குறைவு. அதற்கான மரபணுவில் உள்ள கோளாறு கரப்பானுக்கு ஒரு முக்கியக் காரணம் என்பதை 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். இது போதாதென்று இன்னொரு குறையும் இருக்கிறது. நம் எல்லோருடைய தோலும் கிருமிகளைக் கொல்லும் சில புரதங்களைத் தானே சுரக்கும். கரப்பானின் அழற்சி அந்தச் சுரப்பை அமுக்கிவிடுகிறது. ஆக, அழற்சி எவ்வளவு நாள் கனன்றுகொண்டிருக்கிறதோ அவ்வளவு நாள் தோல் காவலில்லாமல் கிடக்கிறது.

இந்த இடத்தில்தான் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் குடியேறுகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கின்படி, கரப்பான் உள்ளவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்குப் பாதித்த இடத்திலும், சுமார் 39 சதவீதம் பேருக்குப் பார்க்க நன்றாக இருக்கும் தோலிலும் இந்தக் கிருமி இருந்தது. அதனால் கல்ச்சர் ரிப்போர்ட்டில் அந்தப் பெயரைப் பார்த்துக் கலங்காதீர்கள். கரப்பான் உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு, எந்தப் பிரச்சினையும் இல்லாத நாளில் எடுத்தாலும் அதே பெயர்தான் வரும். கிருமி இருப்பது வேறு, கிருமியால் தோல் புண்ணாவது வேறு. ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பதைத் தோலையும் குழந்தையையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், ரிப்போர்ட்டைப் பார்த்து அல்ல. ஏற்கெனவே கொடுத்த மருந்து கேட்காதபோது எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் கல்ச்சர் உண்மையில் உதவுகிறது.

இந்தக் கிருமி சும்மாவும் இருப்பதில்லை. அது விடும் நச்சுப் பொருள்கள் அழற்சியைக் கிளறும். அது சுரக்கும் ஒரு நொதி தோலில் உள்ள நரம்புகளை நேராகத் தூண்டி அரிப்பை உண்டாக்குகிறது என்று 2023-ல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் எலிகளில் கண்டார்கள். அரித்தால் பிள்ளை சொறிவான், சொறிந்தால் தோல் கிழியும், கிழிந்த இடத்தில் கிருமி பெருகும். சரி, இந்தச் சுற்றை எங்கே வெட்டுவது? அழற்சியில்தான். அழற்சியை அடக்கினால் தோலின் தடுப்பு மீள்கிறது, கிருமிக்கு இடமில்லாமல் போகிறது. ஆன்டிபயாடிக் எதுவும் சேர்க்காமல் ஸ்டீராய்டு களிம்பு மட்டும் போட்டவர்களுக்கும் தோலில் இந்தக் கிருமியின் எண்ணிக்கை குறைந்ததைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஸ்டீராய்டு இல்லாமல் அழற்சியை அடக்கும் டாக்ரோலிமஸ் களிம்பிலும் அதையே பார்க்கிறோம். மாமியாரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் பயப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை, ஆனால் அவர் பயப்பட வேண்டிய களிம்பு வேறு.

எதைச் சொல்கிறேன் என்றால், மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் கலவைக் களிம்பு. கடுமையான ஸ்டீராய்டு, ஒரு ஆன்டிபயாடிக், ஒரு பூஞ்சை மருந்து எல்லாம் ஒரே டியூபில் இருக்கும். 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. இவற்றைப் படர்தாமரை மேல் போட்டால் முதலில் அரிப்பு அடங்கும், பிறகு பூஞ்சை உள்ளுக்குள் பரவி உருவமே மாறி, கரப்பானா படர்தாமரையா என்று எங்களுக்கே குழப்பம் வரும். மடிப்புகளில் தோல் மெலிந்து வரி விழும். அந்த மாதிரி டியூப் ஏதாவது வீட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள். உங்கள் டாக்டர் உடம்பின் எந்த இடத்துக்கு எந்த வலுவில் எழுதினாரோ அது மட்டும் போதும்.

பயந்து பயந்து மெல்லிசாகத் தடவுவதும் நிறுத்துவதற்குச் சமம்தான். ஒரு கணக்கு சொல்கிறேன். உங்கள் ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். விரல்களையும் சேர்த்துப் பெரியவர் கையின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். சின்ன டியூப் ஒன்று மாதக்கணக்கில் தீராமல் இருக்கிறது என்றால் மருந்து போதவில்லை என்று அர்த்தம். தோல் முழுதும் சரியான பிறகு, வழக்கமாக வெடிக்கும் இடங்களில் மட்டும் வாரத்தில் இரண்டு நாள் போடும் முறையும் உண்டு. அடிக்கடி திரும்பி வருபவர்களுக்கு அது நன்றாக உதவும், டாக்டரிடம் கேளுங்கள்.

இனி ஆன்டிபயாடிக். பிரிட்டனில் 113 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது, முடிவு 2017-ல் வெளியானது. கரப்பானில் லேசாகச் சீழ் பிடித்த குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு வாய்வழி ஆன்டிபயாடிக், ஒரு பிரிவுக்கு ஆன்டிபயாடிக் களிம்பு, ஒரு பிரிவுக்கு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்துச் சத்து எதுவும் இல்லாத போலி மருந்து. மூன்று பிரிவுக்குமே ஸ்டீராய்டு களிம்பும் மாய்ஸ்சரைசரும் உண்டு. ஆன்டிபயாடிக் பெற்றவர்களுக்குக் கூடுதலாக எந்தப் பலனும் தெரியவில்லை. உடம்பு சோர்ந்து காய்ச்சலாக இல்லாத குழந்தைக்கு வழக்கமாக ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டாம் என்று அந்த நாட்டின் மருத்துவ வழிகாட்டுதல் 2021-ல் சொன்னது. அந்தச் சோதனையில் கடுமையான புண் உள்ள குழந்தைகளைச் சேர்க்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் பையனுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தபோதெல்லாம் அடங்கியது என்கிறீர்களே, அந்த நாட்களில் அவனைக் கூடுதல் கவனமாகப் பார்த்துக்கொண்டீர்கள், களிம்பையும் திரும்ப ஆரம்பித்திருப்பீர்கள். குறைத்தது எது என்று பிரித்துச் சொல்வது கடினம். அடிக்கடி கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமி வளரும் என்பது மட்டும் நிச்சயம். ஆன்டிபயாடிக் களிம்பை மாதக்கணக்கில் தடவுவதும் இதே தப்புதான். எழுதித் தந்தால் ஐந்து முதல் ஏழு நாள், அத்துடன் மூடி வைத்துவிடுங்கள்.

அப்படியானால் எப்போது கட்டாயம் வேண்டும்? தேன் நிறத்தில் பொருக்கு பரவலாகப் படிந்து நாளுக்கு நாள் பெருகினால், அரிப்பை விட வலி தூக்கலாக இருந்தால், தொட்டால் சூடாக இருந்து வீக்கம் பரவினால், தொடை இடுக்கிலோ கழுத்திலோ நெறி கட்டினால், காய்ச்சல் வந்தால். ‘சிவப்பாக மாறும்’ என்று புத்தகங்களில் படிப்பீர்கள். நம் மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கருத்த ஊதா நிறமாகவோ, சுற்றியுள்ள தோலை விட அடர்த்தியாகவோதான் தெரியும். கண்ணை நம்புவதை விடப் புறங்கையை வைத்துச் சூட்டைப் பாருங்கள். சில சமயம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற வேறு கிருமியும் தோலைப் பிடிக்கும். புண் ஆறி ஓரிரு வாரத்துக்குப் பிறகு முகம் வீங்கினாலோ சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலோ அது சிறுநீரகத்தைத் தொட்டிருக்கிறது என்று பொருள், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்போது அந்த விதிவிலக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

உதட்டோரம் சின்னக் கொப்புளம் வைக்கும் ஹெர்பீஸ் வைரஸ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்கு அது நாலு நாள் தொந்தரவு. கரப்பான் உள்ள குழந்தையின் தோலில் அது இறங்கினால் தீ மாதிரி பரவும். மொரிட்ஸ் கபோசி என்ற வியன்னா மருத்துவர் 1887-லேயே இதை விவரித்தார். ஒரே அளவான சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பும், ஓரிரு நாளில் உடைந்து, ஆணி முனையால் குத்தி எடுத்த மாதிரி வட்டமான குழிப்புண்களாக நிற்கும். வலிக்கும். குழந்தை காய்ச்சலோடு சுருண்டு படுக்கும், சாப்பிடாது. வழக்கமான களிம்பு எதுவும் கேட்காது.

நம் ஊரில் இதன் ஆபத்து இரண்டு மடங்கு, ஏனென்றால் பார்ப்பவர்கள் ‘அம்மை போட்டிருக்கிறது’ என்பார்கள், அல்லது ‘அக்கி, எழுதினால் சரியாகிவிடும்’ என்பார்கள். வேப்பிலை கட்டி, மருந்து எதுவும் கொடுக்காமல், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளுக்காகக் காத்திருப்பார்கள். அக்கி எழுதும் வீட்டுக்குக் கூட்டிப் போய்க் காவி பூசி வருவார்கள். நான் யாருடைய நம்பிக்கையையும் குறை சொல்லவில்லை. வேப்பிலை தலைமாட்டில் இருக்கட்டும், பிள்ளை மருத்துவமனையில் இருக்கட்டும். இதற்கு ஏசைக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது, நன்றாக வேலை செய்யும், சீக்கிரம் தொடங்கினால் மட்டும். மருந்து தொடங்க ஒரு நாள் தாமதமானாலே மருத்துவமனையில் தங்கும் நாட்கள் கூடுகின்றன என்று அமெரிக்காவில் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது. கண்ணைச் சுற்றி வந்தால் பார்வைக்கே ஆபத்து, கண் டாக்டரும் பார்க்க வேண்டும். காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், இரவு பதினொரு மணியானாலும் கிளம்புங்கள். இந்த நேரத்தில் மட்டும் டாக்ரோலிமஸ் களிம்பை நிறுத்திவிடுங்கள். ஸ்டீராய்டு களிம்பைத் தொடரலாமா என்பதைப் பார்க்கிற டாக்டர் முடிவு செய்வார்.

உதட்டில் கொப்புளம் உள்ள உறவினர் யாராக இருந்தாலும் அது காயும் வரை பையனைக் கொஞ்சவோ முத்தமிடவோ கூடாது. சொல்லச் சங்கடமாக இருந்தால் டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள். பள்ளிகளில் பரவும் கை, கால், வாய் நோயும் கரப்பான் உள்ள இடங்களில் கொப்புளமாகக் கிளம்பி இதே மாதிரி ஏமாற்றும். அது பெரும்பாலும் தானே ஆறிவிடும், ஆனால் எது எது என்று நீங்கள் வீட்டில் பிரிக்க முயல வேண்டாம். முத்துப் போல, நடுவில் சின்னக் குழியோடு வரும் பாலுண்ணிகளும் இந்தக் குழந்தைகளுக்கு அதிகம் பரவும். அவசரமில்லை, கிள்ளாமல் விடுங்கள்.

குளியலுக்கு வருவோம். டெட்டாலை இன்றே நிறுத்துங்கள். கிருமிநாசினித் திரவங்கள் ஏற்கெனவே கிழிந்த தோலை எரித்து உலர்த்தும், கிருமிக்கு இன்னும் வசதி செய்து கொடுக்கும். வெளிநாடுகளில் குளியல் தொட்டித் தண்ணீரில் மிகக் குறைந்த அளவு ப்ளீச் திரவம் கலந்து வாரம் இரண்டு முறை ஊற வைக்கும் முறை உண்டு. பலன் மிதமானது. அதைப் படித்துவிட்டு யாரும் ப்ளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்துவிடாதீர்கள். அதன் வலு வேறு, அளவு தவறினால் தோல் வெந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம், வாசனையில்லாத மென்மையான சோப்பு அழுக்கான இடத்தில் மட்டும், துண்டால் ஒற்றி எடுத்து ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசர். டப்பாவில் வரும் களிம்பைக் கை விட்டு எடுக்காமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள், இல்லாவிட்டால் டப்பாவே கிருமிக்கு வீடாகிவிடும். நகத்தை வெட்டிவிடுங்கள். திருச்சி வெயிலில் வியர்வையோடு பள்ளியிலிருந்து வந்ததும் உடம்பைத் தண்ணீரால் கழுவி உடை மாற்றுவது, சொல்லப்போனால் எந்த விலையுயர்ந்த சோப்பையும் விட உதவும்.

தேங்காய் எண்ணெய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நிச்சயம் யாராவது சொல்லியிருப்பார்கள். பச்சைத் தேங்காயிலிருந்து சூடாக்காமல் எடுக்கும் எண்ணெயைப் பிலிப்பைன்ஸ் மருத்துவர்கள் கரப்பான் உள்ள பெரியவர்களிடம் சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். நான்கு வாரம் தடவியதில், தொடக்கத்தில் ஸ்டஃபிலோகாக்கஸ் இருந்த 20 பேரில் ஒருவருக்கு மட்டுமே அது மிஞ்சியது. ஆலிவ் எண்ணெய் தடவிய 12 பேரில் 6 பேருக்கு மிஞ்சியது. சின்ன ஆய்வுதான். இருந்தாலும், நீர் வடியாத தோலில் தாராளமாகத் தடவலாம் என்று நானும் சொல்வேன், மருந்துக் களிம்புக்குப் பதிலாக அல்ல. ஆலிவ் எண்ணெயும் கடுகு எண்ணெயும் இந்தத் தோலுக்கு வேண்டாம். புண்ணில் மஞ்சள் அரைத்துப் பற்றுப் போடுவதும் வேண்டாம், அது காய்ந்து தோலை இழுத்து வெடிக்க வைக்கும்.

கடைசியாக நீங்கள் பயப்படும் ஊசியும் மாத்திரையும். எல்லா மருந்தையும் ‘எதிர்ப்பு சக்தியைக் குறைப்பது’ என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் இந்தக் குழப்பம். டாக்டர் சொல்லும் ஊசி டுபிலுமேப் ஆக இருந்தால், அது உடம்பின் எதிர்ப்பை மொத்தமாக அமுக்குவதில்லை. கரப்பானைத் தூண்டும் இரண்டு சமிக்ஞைகளை மட்டும் தடுக்கிறது. தோலின் கிருமிக்கொல்லிப் புரதங்களை அமுக்குபவையும் அதே சமிக்ஞைகள்தான். ஏழு சோதனைகளைச் சேர்த்து 2019-ல் வெளியான அலசலில், இந்த ஊசி போட்டுக்கொண்ட பெரியவர்களுக்குத் தோல் தொற்று, போலி ஊசி போட்டுக்கொண்டவர்களை விடத் தெளிவாகக் குறைவாகவே வந்தது. நான் மேலே சொன்ன ஹெர்பீஸ் பரவலும் கூடவில்லை. அதாவது உங்கள் பயத்துக்கு நேர் எதிர். கண் சிவந்து உறுத்துவது இதில் அடிக்கடி வரும் தொந்தரவு, பெரும்பாலும் அது கிருமியால் வருவதல்ல. வயிற்றில் பூச்சித் தொல்லை இருந்தால் முதலில் மருந்து கொடுத்துத் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் குடல் புழுக்களை எதிர்க்க உடம்பு நம்பியிருப்பதும் அந்தச் சமிக்ஞைகளைத்தான். பள்ளியில் குடற்புழு நீக்க நாளில் கொடுத்த மாத்திரையை அவன் விழுங்கினானா என்று கேட்டுவையுங்கள். விலைதான் பெரிய தடை. அது உங்களால் முடியாவிட்டால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு வழிகள் இருக்கின்றன.

சைக்ளோஸ்போரின், மெதோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் எதிர்ப்பு சக்தியைப் பரவலாகக் குறைப்பவைதான், அங்கே உங்கள் கேள்வி சரி. ஆனால் குறைந்த அளவில், ரத்தப் பரிசோதனையோடு, தேவையான காலத்துக்கு மட்டும் கொடுக்கும்போது தோல் மூடிக்கொள்கிறது, சீழ் வைப்பது பல குழந்தைகளுக்கு நிற்கிறது. ஜேக் தடுப்பான் எனப்படும் புதிய மாத்திரைகள் அரிப்பை வேகமாக அடக்கும், ஆனால் ஹெர்பீஸ் வகைத் தொற்று அவற்றில் கூடுதல், மறைந்திருக்கும் காசநோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தொடங்க வேண்டும். நம் நாட்டில் இந்தக் காசநோய்ச் சோதனையை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. நான் உண்மையிலேயே எதிர்ப்பது ஒன்றைத்தான்: அரிப்பு தாங்கவில்லை என்று அவ்வப்போது கடையில் வாங்கிக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பொடியும். நாலு நாளில் பளிச்சென்று ஆகும், நிறுத்தியதும் முன்பை விட மோசமாக வெடிக்கும், தொற்றுக்கும் கதவு திறக்கும்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது தடுப்பூசி அட்டையையும் இதுவரை கொடுத்த ஆன்டிபயாடிக் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். கரப்பான் இருக்கிறது என்று எந்தத் தடுப்பூசியையும் தள்ளிப் போட்டிருந்தால் அதைச் சொல்லுங்கள், போடாமல் விட எந்தக் காரணமும் இல்லை. அவனுக்குச் சின்னம்மை இன்னும் வரவில்லை, அதற்கான ஊசியும் போடவில்லை என்றால், அதை முதலில் போட்டு முடித்துவிட்டு மற்ற மருந்தைத் தொடங்கலாமா என்று கேளுங்கள். சின்னம்மை ஊசியும் தட்டம்மை ஊசியும் உயிருள்ள வைரஸை வலுக்குறைத்துச் செய்தவை, சைக்ளோஸ்போரின் போன்ற மருந்து தொடங்கிய பிறகு அவற்றைப் போட முடியாது.